மெத்தடுகளுக்குப் பேரு வச்ச வாரம்

ஐப்பசி பொறந்தும் மழ பெய்யாம மேலச்செவலூர ஏமாத்திக்கிட்டு இருந்த ஒரு திங்கக்கெழம காலைல, சைக்கிள் கடைக்கு மேல இருக்குற கம்ப்யூட்டர் கம்பெனியோட மாடிப்படில இருந்து, பேரில்லாத ஒரு கூட்டம் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு வரிசையா எறங்கி வந்துச்சு. எல்லாருக்கும் ஒரே வயசு, ஒரே நீலக்கலர் சட்ட, ஆம்பளைக்குக் கால்ல செருப்பு இல்ல, பொம்பளைக்குத் தலையில பூ இல்ல, வெயில்ல கண்ணு கூசி அப்படியே தெருவுல நின்னாங்க. அதப் பாத்த ஊரு, நீங்க எப்படி வந்தீங்க, எங்க பொறந்தீங்கன்னு ஒரு கேள்வி கேக்கல. யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க, காப்பி குடிச்சாச்சான்னுதான் கேட்டுச்சு.

அவங்க எல்லாரும் மெத்தடுங்க. அந்தக் கம்பெனில ஆவுடைநாயகமும் ஜெசிந்தாவும் சேந்து ஒரு லைப்ரரி எழுதிக்கிட்டு இருந்தாங்க. லைப்ரரின்னா புத்தகம் அடுக்குன லைப்ரரி இல்ல. இது தெரியாம வார்டு கவுன்சிலர் மாடக்கண்ணு, தெனசரி பேப்பர் போடணும், பொம்பளைங்களுக்குத் தனி பெஞ்சு வேணும்னு போன வருசமே மனு குடுத்திருந்தாரு. இது வேற. வெளியூர்ல புரோகிராம் எழுதுறவன் தானா எழுதி மண்டையப் பிச்சுக்காம, ஏப்பா இந்த வேலைய நீ பாருன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டா, ஓடி வந்து பாத்துக் குடுத்துட்டுப் போற ஆளுங்க நெறஞ்ச ஒரு பெட்டி. தகவல எடுக்க ஒருத்தன், தேட ஒருத்தி, அடுக்க ஒருத்தன், மூட ஒருத்தன், அழிக்க ஒருத்தன். அந்த ஒவ்வொரு ஆளுக்கும் மெத்தடுன்னு பேரு. ஆனா கூப்பிடுற பேரு ஒருத்தனுக்கும் கெடையாது. வேலையெல்லாம் எழுதி முடிச்சு மாசக்கணக்காகியும், பேரு மட்டும் வைக்கல.

ஏன் வைக்கலன்னா, ஆவுடைக்கும் ஜெசிந்தாவுக்கும் சண்ட. பேருன்னா விசில் மாதிரி இருக்கணும், ஒரு ஊது, ஆளு வந்து நிக்கணும்னு ஆவுட சொல்லுவான். எடு, தேடு, மூடு, அழி, தீந்துச்சு சோலி. பேருன்னா மருந்துப் பாட்டில்ல ஒட்டுன காயிதம் மாதிரி இருக்கணும், உள்ள என்ன இருக்கு, எப்பக் குடிக்கணும், எப்பக் குடிக்கக் கூடாதுன்னு படிச்ச ஒடனே தெரியணும்னு ஜெசிந்தா சொல்லுவா. அவளோட முழுப்பேரு மரிய ஜெசிந்தா அமலோற்பவ ராணி. எந்த அப்ளிகேசன் பாரத்துலயும் அது அடங்குனது கெடையாது, அதுல அவளுக்கு ஒரு தனிப் பெரும. சண்ட ஏன் இவ்வளவு பெருசுன்னா, லைப்ரரிய வெளிய விட்டுட்டா அப்புறம் பேர மாத்த முடியாது. உலகம் பூரா அந்தப் பேரையே எழுதி வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். இங்க ஒரு பேர மாத்துனா அங்க கூப்பிட்டவன் பொழப்பெல்லாம் அந்தரத்துல நிக்கும். அதனால வச்சது வச்சதுதான். அந்தப் பயத்துலயே ரெண்டு பேரும் நாளக் கடத்த, காத்துக் காத்துச் சலிச்ச மெத்தடுங்க, இனிமே இதுகள நம்பிப் புண்ணியமில்லன்னு தானாவே எறங்கி வந்துட்டாங்க.

ஊரு அவங்கள ஒரே நாள்ல பங்கு போட்டுக்கிச்சு. அடுக்குறவன மார்க்கெட்டுப் பொம்பளைங்க கூட்டிட்டுப் போனாங்க. அவன் தக்காளிய பழுத்த வரிசைல அடுக்குனான், கத்தரிக்காய சொத்த வரிசைல அடுக்குனான், அதோட நிறுத்தாம, பஸ்ஸுக்கு நின்ன பொம்பளைங்கள வயசு வரிசைல அடுக்கிட்டான், அன்னைக்கு அந்த நிறுத்தத்துல நடந்த சண்டைக்கு ரெண்டு பஸ்ஸு ஆளேத்தாமப் போச்சு. தேடுறவ வந்த அன்னைக்கே, கெணத்துல விழுந்த கொலுசு, போன தேர்தல்ல காணாமப் போன கொடிக்கம்பம், திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பக்கத்துத் தெருவுலயே குடியிருந்த ஒரு புருசன், மூணையும் கொண்டாந்து வாசல்ல வச்சா. மூணுல ரெண்டத்தான் சனங்க சந்தோசமா வாங்கிக்கிட்டாங்க.

அழிக்கிறவன மட்டும் யாரும் கூப்பிடல. அவன் ஒல்லியா, தல குனிஞ்சு, யாரு வீட்டு வாசப்படியையும் மிதிக்காம ஆவுட பின்னாடியே நடந்து அவன் வீட்டுக்குப் போயிட்டான். ஆவுடையோட அம்மா சொர்ணம் அவன ஏற எறங்கப் பாத்தா. சும்மா நிக்கிற ஆம்பளையப் பாத்தா அவளுக்குப் பொறுக்காது. உள்ள போயி கரிபிடிச்ச சோத்துப் பானைய எடுத்தாந்து அவன் கையில குடுத்தா. அவன் வெரல வச்சான், கரி போச்சு. வெள்ளி மாதிரி மின்னுச்சு பான. பூரிச்சுப் போயி அடுத்த பானைய எடுத்தாந்தா. அதுல கொஞ்சம் கூடுதலா வெரல வச்சுட்டான், பானைல பாதி போச்சு. அதுக்கு அவள்ட்ட அவன் வாங்குன ஏச்சு இருக்கே, ஆவுட சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டப்பக்கூட வாங்குனது கெடையாது. அன்னையில இருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ள. அவ தண்ணிக்குப் போனா இவனும் போனான், அவ அரிசி பொடச்சா இவன் எதிர்ல உக்காந்து அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். பக்கத்து வீட்டுக்காரி கன்னத்து மருவ அழிச்சுக் குடுத்தான். அவ புருசன் சாயங்காலம் வந்து, மன்னிக்கணும் தங்கச்சி, வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லித் திரும்பிப் போயிட்டான்.

செவ்வாக்கெழம காலைல லாசர் டீக்கடைல, எண்ணுறவன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த வடைய எண்ணிக்கிட்டே டீ குடிச்சான். பாதி வடைல இருக்கும்போதே காத்துல கரஞ்ச மாதிரி இல்லாமப் போயிட்டான். டம்ளர் மட்டும் கீழ விழுந்து உருண்டுச்சு. லாசர் டம்ளர எடுத்துக் கழுவி வச்சுட்டு, கடைய விட்டு எறங்கி, மாடிக்குப் போயி, ஒங்க ஆளு ஒருத்தரு இல்லாமப் போயிட்டாருன்னு பொறுப்பாச் சொல்லிட்டு வந்தாரு. ஆவுட மெட்ராஸ்ல இருக்குற மொதலாளி பாக்கியநாதனுக்குப் போன் போட்டான். அவரு, பேரில்லாத மெத்தடு லைப்ரரிலயே இல்லன்னுதான அர்த்தம், இதுகூடத் தெரியாதா, வெள்ளிக்கெழம சாயங்காலம் ரிலீசு, அதுக்குள்ள பேரு வைக்காத அத்தன பேரும் இப்படித்தான் ஒவ்வொருத்தரா போவாங்கன்னு சொல்லி வச்சுட்டாரு.

ஆவுட வீட்டுக்கு வந்தப்ப, அழிக்கிறவன் சொர்ணத்துக்கு நூல் கண்டு பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அம்மா இவ்வளவு சிரிச்சு ஆவுட பாத்து வருசமாச்சு.

சரி, பேரு வச்சுப் பாப்போம்னு மொதல்ல ஆவுட எடுக்குறவனுக்கு எடுன்னு வச்சான். அன்னைக்கே கல்யாண மண்டபத்துல பந்தி நடந்துக்கிட்டு இருக்கையில சமையக்காரரு அவனப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு, ஒரு கரண்டி சாம்பாருக்காக. அவன் வந்தான். கரண்டிய எடுத்தான், சாம்பார எடுத்தான், அண்டாவ எடுத்தான், அடுப்ப எடுத்தான், எவ்வளவுன்னு பேருல இல்லாததுனால வாழ மரத்த எடுத்தான், நாதஸ்வரத்த வாசிச்சுக்கிட்டு இருந்தவரு வாயில இருந்தே எடுத்தான், கடேசியா மாப்ளையத் தோள்ல தூக்கிக்கிட்டு நின்னு, எங்க வைக்கன்னு கேட்டான். வைக்கிற மெத்தடு வேற ஆளு, அவன் அன்னைக்கு உடன்குடிக்குக் கருப்பட்டி வாங்கப் போயிருந்தான். மாப்ள சாயங்காலம் வரைக்கும் தோள்லயே இருந்தாரு. தாலிகூட ஸ்டூலு போட்டுத்தான் கட்டுனாங்க.

ஜெசிந்தா, நான் அப்பவே சொன்னேன்லன்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லாம இருக்குறதுலயே அவளால அத நல்லாச் சொல்ல முடியும். அவ மூடுறவனுக்கு, தெறந்திருக்கான்னு பாத்துட்டுத் தெறந்திருந்தா மட்டும் மெதுவா மூடிட்டு மூடியாச்சுன்னு வந்து சொல்றவன்னு பேரு வச்சா. தண்ணித் தொட்டில வால்வு மூடுற வேல அவனுக்குக் குடுத்தாங்க. தொட்டி நெறஞ்சதும் வாட்ச்மேன் அவனப் பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாரு, பாதில இருமல் வந்துச்சு, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு, நடுவுல யாரோ பீடிக்கு நெருப்பு கேட்டாங்க. கூப்பிட்டு முடிக்கிறப்ப கீழத் தெருவுல கோழியெல்லாம் மெதந்துக்கிட்டு இருந்துச்சு. மூடுறவன் வந்தான், தெறந்திருக்கான்னு பாத்தான், மெதுவா மூடுனான், மூடியாச்சுன்னு வந்து சொன்னான். ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தரும் அவனக் கூப்பிடல, அதுக்கு நாமளே போயி மூடிட்டு வந்துரலாமேன்னு விட்டுட்டாங்க. கூப்பிட ஆளில்லாம அவன் மெலிய ஆரம்பிச்சான். சாப்பாட்டு மெலிவு இல்ல. அவன் செவுத்துல சாஞ்சு நின்னா, அவன் முதுகுக்குப் பின்னாடி ஒட்டியிருந்த சர்க்கஸ் போஸ்டர் அவன் நெஞ்சு வழியாத் தெரிஞ்சுச்சு.

இதுக்குள்ள ஊரு ரெண்டா பிரிஞ்சிருச்சு. குட்டப்பேருக் கட்சி, நெட்டப்பேருக் கட்சி. லாசர் கடைல ரெண்டு பெஞ்சும் ரெண்டு கட்சிக்கு ஆச்சு. நெட்டக்காரங்க அடிச்ச பிளெக்ஸ்ல அவங்க கோரிக்க அடங்காம மின்கம்பத்தத் தாண்டிப் போனதால, மிச்சத்த அடுத்த தெருவுல வைக்க வேண்டியதாப் போச்சு. குட்டக்காரங்க பிளெக்ஸ்ல எடம் நெறைய மிஞ்சுனதால மாடக்கண்ணு தன் போட்டோவ அதுல போட்டுக்கிட்டாரு, அதனால அவரு அந்தக் கட்சின்னு ஆகிப்போச்சு. கோயில் பட்டரு, நட்சத்திரம் தெரியாம எப்படிப் பேரு வைக்கிறதுன்னு கேட்டு அனுப்ப, ஜெசிந்தா ஒவ்வொரு மெத்தடும் மொதமொதல்ல தப்பில்லாம ஓடுன நேரத்தக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக் குடுத்தா. அவரு கணிச்சுப் பாத்துட்டு, எல்லாருக்கும் ஏழரை நடக்குது, ஆளுக்கு ஒரு எள்ளு வெளக்கு போடச் சொல்லுங்கன்னாரு.

அழிக்கிறவனுக்குப் பேரு வைக்க ரெண்டு பேருக்குமே கை வரல. புதங்கெழம மத்தியானம் ஆவுட துணிஞ்சு, சும்மா ஒரு அஞ்சு நிமிசத்துக்கு, அழின்னு வச்சுப் பாத்தான். அழிக்கிறவன் ஆபீஸ் ஜன்னலோரம் நின்னு தெருவப் பாத்துக்கிட்டு இருந்தான். ஜெசிந்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல, சரி கூப்பிடுறேன்னு அந்தப் பேர ஒரு தடவ சொன்னா, எதன்னு சொல்லல. தெருவுல இருந்த பஸ் ஸ்டாப்பு போச்சு. கூர, பெஞ்சு, எம்மெல்லே பேரு எழுதுன பலக, எல்லாம். பலகைக்குக் கீழ நின்ன ஆளுங்க மட்டும் மிச்சம். அவங்க வெயிலு படுதேன்னு கொடைய விரிச்சுக்கிட்டு அதே எடத்துல பஸ்ஸுக்கு நின்னாங்க. ஆவுட பதறி அந்தப் பேர எடுத்துட்டான். அழிக்கிறவன் ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ள வச்சுக்கிட்டு, சொர்ணம் திட்டுவாளோன்னு பயந்துபோய் நின்னான்.

அப்பத்தான் அவங்களுக்கு வெளங்குச்சு. எதன்னு சொல்லாம யாரு கூப்பிட்டாலும், அந்த நேரத்துல அவன் கண்ணு எதுமேல இருக்கோ அது போயிரும். உலகத்துல இருக்குற புரோகிராம்காரன்ல பாதிப் பேரு எதையும் சரியாச் சொல்லாமக் கூப்பிடுற ஆளுங்கதான், இது அந்தத் தொழில்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும். அவன் கண்ணு எப்பவும் எதுமேல இருக்குங்கிறது ஆவுடைக்கும் தெரியும்.

அதனால அன்னைக்குச் சாயங்காலமே ஜெசிந்தா சொன்ன நெட்டப்பேர வச்சாங்க. இன்னதத்தான் அழிக்கச் சொல்றீங்களான்னு நின்னு கேட்டுட்டு ஆமாம்னு சொன்னா மட்டும் அத மட்டும் அழிக்கிறவன். ஆவத்தில்லாத பேரு. வியாழக்கெழம மத்தியானம் சொர்ணம், அவியலுக்குத் தேங்கா அரச்சுக்கிட்டு இருந்தவ, அப்படியே கையில தேங்கா ஒட்டியிருக்க மாடிப்படி ஏறி வந்தா. பின்னாடியே அவன் வந்தான். அவன் சட்டையும் நெஞ்சும் கண்ணாடித்தாளு மாதிரி ஆகி, அவனுக்குப் பின்னாடி இருந்த மாடிப்படிக் கம்பி ஒவ்வொண்ணும் தெரிஞ்சுச்சு.

"ஏல ஆவுட, இவனுக்கு என்னல செஞ்சு வச்சிருக்கீக?"ன்னு கேட்டா. "சோறு போட்டா உள்ள போறது வெளிய தெரியுது."

ஆவுட எல்லாத்தையும் சொன்னான். குட்டப்பேரு வச்சா கூப்பிட்ட ஒடனே அழிப்பான், எத அழிப்பான்னு சொல்ல முடியாது, ஒன்னையேகூட அழிச்சிருவான். நெட்டப்பேரு வச்சா எவனும் கூப்பிட மாட்டான், இப்படியே தேஞ்சு போயிருவான். பேரே இல்லன்னா நாளைக்குச் சாயங்காலம் ஆளே இல்ல. சொர்ணம் கேட்டுட்டு, கையில இருந்த தேங்காய முந்தானைல தொடச்சா.

"எனக்கு ஆளு வேணும். மத்தத நீ பாத்துக்க"ன்னு சொல்லிட்டு, தேஞ்சவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு எறங்கிப் போயிட்டா.

வெள்ளிக்கெழம ஜெசிந்தா தானாவே வந்து, நெட்டப்பேர எடுத்துருவோம் ஆவுட, மூடுறவன நேத்து காத்து தள்ளிட்டுப் போயி வேப்பமரத்துல மாட்டி வச்சிருக்குன்னு சொன்னா. மாசக்கணக்கா அவன் கேக்க ஆசப்பட்ட வார்த்த அது. கேட்டதும் ஒரு சந்தோசமும் வரல. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு பேரும் முன்னப்பின்ன விட்டுக்குடுத்து, குட்டையும் இல்லாம நெட்டையும் இல்லாம பேரு வச்சு முடிச்சாங்க. எடுக்குறவனுக்கு எவ்வளவுன்னு சேத்தாங்க, மூடுறவனுக்குப் பாதியக் கொறச்சாங்க, அவன் மரத்துல இருந்து தானா எறங்கி வந்தான். அழிக்க வர்றவன் அவசரத்துல வர்றவன், கூட ஒரு வார்த்த சேத்தாலும் கூப்பிட மாட்டான், அதனால அழிக்கிறவனுக்கு அழிதான். வேற வழியில்ல. அம்மாவ மட்டும் எங்கயாவது அனுப்பிருவோம்னு ஆவுட நெனச்சான். எம்மா, சாத்தூருக்குப் போயி சித்தியப் பாத்துட்டு வாயேன், சித்திக்கு ஒடம்புக்குச் சுகமில்லயாம்னு சொல்லிப் பாத்தான். சித்தி அப்பத்தான் சொர்ணத்துக்குப் பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா.

சாயங்காலம் ஊரே மாடிப்படில நின்னுச்சு. ரிலீசுங்கிறத ஊரு தனக்குத் தெரிஞ்ச மாதிரி புரிஞ்சுக்கிச்சு, பயலுக வெளிநாடு போறாக. அதனால மால, ஊறுகா பாட்டிலு, அட்டப்பெட்டில நைலான் கயிறு, எல்லாம் வந்துருச்சு. லாசர் ஆளுக்கொரு பொட்டலம் பக்கடா கட்டியிருந்தாரு. ஆபீசுக்குள்ள ஆவுட கம்ப்யூட்டர் முன்னாடி, ஜெசிந்தா பக்கத்துல, நடுவுல ஒரு ஸ்டூலு மேல ஓட்ட பிளாஸ்டிக் வாளி, அதத்தான் அழிச்சுப் பாக்கணும்னு ஏற்பாடு. அழிக்கிறவன வாளியப் பாத்து நிக்க வச்சாங்க. அவன் கழுத்து தானாத் திரும்பி, வாசல்ல இடுப்புல கை வச்சு நின்ன சொர்ணத்தப் பாத்துச்சு. அவன் தாடையப் பிடிச்சு வாளிப் பக்கம் திருப்பி விட்டாங்க. மறுபடி திரும்புச்சு. அவளப் போன்னா அவளும் போகல, நான் பாக்காம நீங்க என்ன செய்வீகன்னு எனக்குத் தெரியும்னு நின்னா.

ஆவுட பேர அடிச்சான். அடிச்ச ஒடனே அழிக்கிறவன் நெஞ்சு நெறஞ்சு, சட்ட நீலமாகி, அவன் வழியாத் தெரிஞ்ச ஜன்னல் கம்பி மறஞ்சுச்சு. சொர்ணம் அப்பாடான்னா.

அந்த நேரம் பாத்து மொதலாளி போன் அடிச்சாரு. போன் மேசைல ஸ்பீக்கர்ல கெடந்துச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. வச்சாச்சாடா, அழின்னுதான வச்சிருக்கன்னு கத்துனாரு. அழிக்கிறவன் கண்ணு சொர்ணத்து மேல இருக்கு, பேரு சொல்லிக் கூப்பிட்டாச்சு. ஜெசிந்தா போன் மேல பாஞ்சா. அவ கை படுறதுக்குள்ள மொதலாளி, என்னடா பதிலையே காணோம், அழிதானன்னு ரெண்டாவது தடவையும் சொல்லிட்டாரு. மாடிப்படில நின்ன ஊரு மூச்ச உள்ள இழுத்துச்சு. ஆவுட கண்ண மூடிக்கிட்டான். மூடுன கண்ணுக்குள்ள அம்மா இல்லாத வீடு தெரிஞ்சுச்சு, அடுப்பு தெரிஞ்சுச்சு, பாதிப் பான தெரிஞ்சுச்சு.

தெறந்து பாத்தா சொர்ணம் அப்படியே நிக்கா. மூக்க உறிஞ்சுறா. அழிக்கிறவனும் அப்படியே நிக்கான், காதே கேக்காதவன் மாதிரி.

ஜெசிந்தா போன அமத்திட்டு, அவன் தாடைய வாளிப் பக்கம் திருப்பி அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, தானே கூப்பிட்டுப் பாத்தா. அசையல. இன்னொருக்கக் கூப்பிட்டா. அசையல. பேரு ஒட்டல, இவன் செத்தான்னு நெனச்சு, குரலு ஒடஞ்சு போயி இன்னொருக்கக் கூப்பிட்டா.

"ஏன்?"னு கேட்டான் அவன். வந்த நாள்ல இருந்து அவன் பேசுன மொதப் பேச்சு. வாளி போச்சு. ஸ்டூலு அப்படியே இருந்துச்சு.

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. சொர்ணம் மட்டும் எதுக்கு இந்தத் தெகப்புன்னு பாத்தா.

"இருட்டுன பொறவு எவன் பேரு சொல்லிக் கூப்பிட்டாலும், ஒருக்கக் கூப்பிட்டாக் கேக்கப்பிடாது, ரெண்டு வாட்டி கூப்பிட்டாலும் கேக்கப்பிடாது, அதே ஆளு மூணாவது வாட்டி கூப்பிட்டாத்தான் ஏன்னு கேக்கணும், காத்து கருப்பு மூணு வாட்டி கூப்பிடாதுன்னு நேத்து ராத்திரிதான் சொல்லி வச்சேன்"னா. "இவனுக்கு ராத்திரி எது பகலு எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல. கம்ப்யூட்டருக்குள்ளயே கெடந்த பய."

இதுக்குப் பேரு பக்குன்னு ஜெசிந்தா சொன்னா. புரோகிராம்ல வர்ற தப்பப் பூச்சின்னு அப்படிச் சொல்லுவாங்க. ஒருக்கக் கூப்பிட்டா வேல நடக்கணும், மூணு தடவ கூப்பிட்டா நடக்குற மெத்தட எந்த ஊர்லயும் வெளிய விட மாட்டாங்க. மறுபடி அடிச்ச போன எடுத்தப்ப மொதலாளியும் அதத்தான் சொன்னாரு, அரமணி நேரத்துக்குள்ள சரி பண்ணுன்னாரு. ஆவுட அவன் எழுதுன வரி ஒவ்வொண்ணாத் தேடிப் பாத்தான். மூணுங்கிற எண்ணு எங்கயுமே இல்ல. எழுதுனதுல இல்லாதத அழிக்கவும் வழியில்ல. இனிமே ஒரே தடவைல வரச் சொல்லும்மான்னு சொர்ணத்துட்ட கேக்கணும், வேற வழி கெடையாது. கேட்டான். பெத்த பிள்ளைக்கு ஒண்ணு வந்த பிள்ளைக்கு ஒண்ணா, அதெல்லாம் முடியாதுன்னுட்டா.

அழிக்கிறவன் சொர்ணத்தயே பாத்துக்கிட்டு நின்னான். ஆவுட அவங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தான். அப்புறம் ஜெசிந்தாவப் பாத்தான். அவ ரொம்ப நேரம் நகத்தக் கடிச்சா. கடேசில, நீ எழுது, நான் படிச்சுப் பாக்குறேன்னா. ஆவுட, ஒவ்வொரு மெத்தடுக்கும் கீழ எழுதுற வெளக்கத்துல, அழிக்கு நேரா இப்படி எழுதுனான்: மூணு தடவ கூப்பிடவும். மூணாவது தடவைக்குத்தான் வருவான். அவங்க வீட்டுல அப்படி வளத்திருக்காங்க. ஜெசிந்தா படிச்சுட்டு ஒரு எழுத்தும் மாத்தல. ரிலீசு பட்டன அமுக்குனாங்க. கீழ வெடி போட்டாங்க, மழயும் அப்பத்தான் பெஞ்சுச்சு, ரெண்டு கட்சிக்காரங்களும் தங்களாலதான் பெஞ்சுச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் மெத்தடுங்க வேலைக்குப் போயி வர ஆரம்பிச்சாங்க. தட்டுல சோத்தப் போட்டு உக்காந்திருக்கையில டொரொன்டோல எவனாவது கூப்பிடுவான், படக்குன்னு காணாமப் போயி, ரசத்துக்கு வந்துருவாங்க. ஊரு அதுக்கும் பழகிக்கிச்சு, ரசத்த மூடி வச்சுச்சு. அழி பத்தி மட்டும் ஊர் ஊர்ல இருந்து ஏச்சு வந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தரு, இது என்ன கிறுக்குத்தனம், ஒரு வேலைக்கு மூணு தடவ கெஞ்சணுமான்னு எழுதுனாரு. மறு வாரம் அவரே, மன்னிக்கணும், செத்துப்போன தம்பி பேசுன குரலெல்லாம் போட்டு வச்சிருந்த பெட்டிய, வேற எதையோன்னு நெனச்சு அழிக்கப் போனேன், ரெண்டு தடவ கூப்பிட்டுட்டேன், அப்பத்தான் என்னன்னு பாத்தேன், அந்த வீட்டம்மாவுக்கு என் கும்பிடச் சொல்லுங்கன்னு எழுதுனாரு. ஆவுட அத வாசிச்சுக் காட்டுனான். சொர்ணம் கேட்டுட்டு, அவருக்கும் யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும், பாவம்னா.

அன்னைக்குச் சாயங்காலம் அழிக்கு ரொம்ப வேல. எங்கயோ ஒரு ஆபீஸ்காரன் பழைய கணக்கெல்லாம் கூட்டித் தள்ளுறான்போல, மூணு மூணு தடவையாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். ஜெசிந்தா வேற மாடில இருந்து சோதனைக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. எல்லாருக்கும் அழி மூணாவது தடவைக்குத்தான் போனான், ஒரு தடவகூட முந்தல. சொர்ணம் அடுப்படில இருந்து சட்டினியத் தாளிச்சுட்டு, வாசலப் பாத்து, ஏ சின்னவனே, இட்லி ஆறுதுன்னு ஒரு சத்தம் குடுத்தா. அவ வாய மூடல, அவன் எலைக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்திருந்தான்.